தண்டவாளப் பக்கம் இறங்கினவர்

ரத்தினபாய் சோற்றுப் பானையை இறக்கி வைத்த வேகத்தில் அடுப்படி மேடையில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒரு துள்ளு துள்ளி அடங்கின. சாப்பிட உட்கார்ந்திருந்த அசரியா நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினவருக்கு எப்போது நிமிரக்கூடாது என்று தெரியும்.

சனிக்கிழமை அவருக்கு அரை நாள் ஆபீஸ். பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கி, சேலையூர் வீட்டுக்கு மூன்று மணிக்கெல்லாம் வந்து சாப்பிட்டுவிடலாம். அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்துதான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறார். கேட்டால் வேலையாம். வேலை பார்த்த முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இது ஏதோ விருந்துக்குப் போய்விட்டு வந்த முகம். கண் மட்டும் சிவந்திருக்கிறது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அன்றைக்கு மோரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மனுஷர் தன்னையறியாமல் ஒரு பாட்டை முனகினார்.

ரத்தினபாயின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அது அவள் அப்பா கட்டின பாட்டு. கிராமத்து வேதக்கோயிலில் உபதேசியாராக இருந்த அவர், அறுப்பின் பண்டிகைக்கென்று செஞ்சுருட்டி ராகத்தில் கட்டி மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தது. எந்தப் புத்தகத்திலும் வராதது. கல்யாணமான புதிதில் அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் அவள் அதைத்தான் பாடுவாள். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து அந்தப் பாட்டை அவள் வாயைத் திறந்து பாடினதில்லை. இப்போது பேசினாலே பழைய கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம்தான் வரும்.

இவருக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பாட்டு? அவள் பாடின காலத்தில் இவர் ஒரு நாளாவது காது கொடுத்திருப்பாரா? யாரோ பாடிக் காட்டியிருக்கிறாள். குரல் உள்ளவள் ஒருத்தி.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரே நினைப்புத்தான். இந்த வயசில் என்னை விட்டுவிட்டு, என்னிடம் இல்லாததைத் தேடிப் போகிறாரா? போகிறவர் திரும்பி வருவாரா?

இதற்கு மேல் எரியவிட்டது பக்கத்து வீட்டுக் குல்ஷன். அவள் வீட்டுக்காரர் ஹாஜா மைதீனுக்குக் குரோம்பேட்டையில் செருப்புக் கடை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிறவர் அதே வண்டியில்தான் வருவார். குல்ஷன் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆரம்பித்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் சானடோரியத்துல எறங்கிடுறாராம். அதுவும் பிளாட்பாரம் பக்கம் எறங்கலையாம்."

"பின்னே?"

"தண்டவாளப் பக்கம். குறுக்கால எறங்கி விறுவிறுன்னு போறாராம். நம்ம வீட்டுக்காரர் கூப்பிட்டதுக்குக்கூடத் திரும்பலையாம்."

ரத்தினபாய் சிரித்துக்கொண்டே, சங்கத்து வேலையாகப் போகிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். வந்து, ஊறவைத்த உளுந்தை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டின ஆட்டலில் மாவு வெண்ணெயாகிவிட்டது. தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முந்தின சானடோரியம் அவளுக்குத் தெரியாத ஊரா? சேலையூரில் வீடு கட்டுவதற்கு முன்னால் அங்கேதானே சுப்பராயலு வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். குடியிருந்த இடத்திலேயே ஒருத்தியைப் பிடித்திருக்கிறாரே என்று பல்லைக் கடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. எழுபத்தெட்டாம் வருஷத்துத் தை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்று குல்ஷனிடம் சொல்லி, அதற்கேற்றாற்போல வெள்ளைச் சேலை கட்டி, கறுப்புக் கைப்பையில் வேதபுத்தகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் குரோம்பேட்டைக்கு வந்தாள். அவர் வருகிற வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறி, தண்டவாளப் பக்கத்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சானடோரியத்தில் வண்டி நின்றது. முன்பெட்டியிலிருந்து சாம்பல் சட்டை ஒன்று தண்டவாளப் பக்கமாகக் குதித்தது. ரத்தினபாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பெட்டியில் இருந்த பெண்கள் எல்லாம் "அந்தப் பக்கம்மா, அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார்கள். அவளுக்கா அந்தப் பக்கம் எது என்று தெரியாது? படிக்கட்டில் உட்கார்ந்து, ஜல்லியில் கால் வைத்து இறங்கினாள்.

இறங்கினதும் காது கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது. கரிப்புகை வாசனை அடித்தது. நிமிர்ந்து பார்த்தால், புயலில் விழுந்துபோன வேப்பமரம் நின்றுகொண்டிருந்தது. வரிசையாக மாடி வீடுகள் வந்துவிட்ட இடத்தில் வெறும் முள்ளுக்காடு. தார் ரோட்டைக் காணோம், வண்டித்தடம்தான். அசரியா அதில் முன்னால் போய்க்கொண்டிருந்தார், வழி தெரிந்தவர் மாதிரி.

கோபத்தில் இருக்கிறவளுக்கு மரத்தைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை. பின்னாலேயே போனாள். அவர் ஒரு சந்தில் திரும்பினார். அவளும் திரும்பப் போகையில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் குறுக்கே கேட்டார்.

"யாரும்மா? கோயிலம்மாவா?"

சுப்பராயலு. வாடகை வீட்டுச் சொந்தக்காரர் சுப்பராயலு. அவர் செத்து அஞ்சு வருஷம் ஆகிறது. இவளே போய் அவர் சம்சாரத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு வூட்லதான் கீது, போம்மா," என்றார் செத்துப்போனவர். "புருசனும் வந்துட்டான். இந்நேரம் ரேடியோவைக் கட்டிகினு கெடப்பான்."

கண்ணுகளா, நீங்களோ நானோ இருந்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்போம். ரத்தினபாயும் பையோடு வேதபுத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சந்தின் கடைசியில், குளியலறைச் சுவரோரம், வாழைமரத்துக்குப் பின்னால் அந்தச் சாம்பல் சட்டை தெரிந்ததே. அதைப் பார்த்ததும் செத்தவர் மறந்துபோனார். நேரே போய்க் காலரைப் பிடிப்பது என்று இரண்டு எட்டு வைத்தாள்.

மூன்றாவது எட்டில் பாட்டு கேட்டது.

சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது. அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டே பாடுகிற பாட்டு. இழுக்கிற இடத்தில் இழுத்து, ஏறுகிற இடத்தில் மூச்சு விடாமல் ஏறி, தண்ணீர் மாதிரி வந்தது. அது யார் குரல் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தன் கழுத்துத் தழும்பின் மேல் அவள் கை தானாகப் போனது.

ஆக, இவள்தானா அவள்? இவளிடம்தானா வாராவாரம் வருகிறார்? வேறொருத்தியாக இருந்தால் தலைமயிரைப் பிடித்திருக்கலாம். இவளை என்ன செய்ய? அதுதான் ரத்தினபாய்க்கு இன்னும் எரிந்தது. ஒரு மனுஷி உயிரோடு, ஓடாய்த் தேய்ந்து வீட்டில் சோறு வடித்து வைத்துக் காத்திருக்கிறாள். இவர் அவளுடைய பழைய தொண்டைக்கு ரயில் ஏறி வருகிறார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. சலித்துக்கொண்ட, சின்ன வயசுக் குரல்.

"ரத்தினம், அதைக் கொஞ்சம் நிறுத்துறியா? ஸ்கோர் சொல்றான், கேக்கவிடு."

ரேடியோவைத் திருகுகிற சத்தம். இங்கிலீஷில் கிரிக்கெட் வர்ணனை ஓங்கியது. பாட்டு நடுவாக்கில் அறுந்தது. அம்மிச் சத்தம் மட்டும் மிச்சம்.

வாழைமரத்தடியில் நின்ற அசரியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ரத்தினபாய் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த ஒரு சொல் எத்தனை நாள் எத்தனை விதமாக அவள் காதில் விழுந்திருக்கிறது. நிறுத்துறியா. கொஞ்சம் சும்மா இருக்கியா. அப்புறம் பாடேன். அந்த அப்புறம் வருகிறதற்குள் தொண்டை போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்ல, பேச்சு வருதே, போதும்" என்று சொன்ன மனுஷர் இவர். அன்றைக்குத் திட்டக் குரலில்லை. பிறகு திட்ட நேரமில்லை. இருபத்தெட்டு வருஷத்துக் கோபம், சேர்த்து வைத்தது, இப்போது ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் நின்றது. எந்த அசரியாவை முதலில் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

உள்ளே இருந்தவன்தான் முதல் என்று முடிவு செய்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சுற்றி வந்து வாசல் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவள் மஞ்சள் அப்பின கையோடு நின்றாள். ரத்தினபாய்க்கு அவளைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, ஐயோ எவ்வளவு ஒல்லி, இவளுக்கு யாரும் சாப்பாடு போடமாட்டார்களா என்பதுதான். அந்தப் பெண்ணோ வெள்ளைச் சேலையையும் கறுப்புப் பையையும் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தோத்திரம், வாங்கம்மா. புதுசா வந்திருக்கிற பைபிள்வுமன் நீங்கதானா? ஐயர் சொன்னார்."

வேதத்தில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். ஐயர் என்றால் எங்கள் பாதிரியார். அந்த நாளில் எங்கள் சபைகளில் பைபிள்வுமன் என்று ஓர் அம்மா வீடு வீடாக ஜெபிக்க வருவார். அவர் வந்துவிட்டால் உலை கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் பாயில் உட்காரவேண்டும். முதலில் ஒரு பாட்டு, பிறகு ஜெபம். அது முடிகிறவரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. கலெக்டராக இருந்தாலும் அதுதான் சட்டம்.

ரத்தினபாய் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உள்ளே நுழைந்தாள். சுவரில் 1964 என்று நாள்காட்டி தொங்கியது. பனியனோடு ரேடியோவின் முன்னால் குந்தியிருந்தவன் அலறிப்புடைத்துக்கொண்டு சட்டையைத் தேடினான். மீசை கறுப்பு, வயிறு இல்லை, திமிர் மட்டும் குறையில்லாமல் இருந்தது.

"தம்பி, முதல்ல அதை அணைங்க," என்றாள்.

அணைத்தான். பாய் விரித்தார்கள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"பாட்டு," என்றாள் ரத்தினபாய். "இப்ப அரைச்சுக்கிட்டே பாடினியேம்மா, அது."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. "அது சும்மா வீட்டுப் பாட்டும்மா. எங்க அப்பா கட்டினது. புஸ்தகத்துல இருக்கிறதைப் பாடட்டுமா?"

"அதைத்தான் பாடணும். எத்தனை சரணம்?"

"ஆறு."

"ஆறும் பாடு."

பாயில் இருந்தவன் மெல்ல மணிக்கட்டைத் திருப்பினான். ரத்தினபாய் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி அவன் பக்கம் திரும்பினாள்.

"வாட்சைக் கழட்டி வைங்க தம்பி. ஆண்டவர் சமுகத்துல மணி பாக்கக்கூடாது."

கழற்றி வைத்தான். அவன் வாழ்நாளில் எந்தப் பொம்பளையும் அவனை அந்தத் தோரணையில் அதட்டினதில்லை, பாவம்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முதல் சரணம் கொஞ்சம் பயத்தோடு வந்தது. இரண்டாவதில் பயம் போய்விட்டது. மூன்றாவதில் அவள் யாரையும் நினைக்காமல் பாடினாள். ரத்தினபாய் பாடுகிறவளைப் பார்க்கவில்லை, கேட்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் கூரையைப் பார்த்தான். பிறகு ரேடியோவைப் பார்த்தான். பிறகு ஏதோ புரியாதவன் போலத் தன் மனைவியை, முன்பின் பார்க்காத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி, பார்த்தான். ஆறாவது சரணம் முடிகிறவரை அவன் கண் அங்கேதான் இருந்தது.

இவ்வளவுதானே, மடையா, என்று ரத்தினபாய்க்கு வாய்வரை வந்தது. இதைத்தானே கேட்டேன். அதற்கென்று பொன்னா செலவாகிறது?

பிறகு ஜெபம் பண்ணினாள். கீச்சென்ற அவள் குரலைக் கேட்டு அந்தப் பெண் கொஞ்சம் இரக்கத்தோடு தலை குனிந்துகொண்டாள்.

"ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு ரெண்டு காது கொடுத்தீர். எதுக்குக் கொடுத்தீர்னு அவனுக்கு இன்னும் தெரியலை. எவனோ எவன் அடிச்ச பந்தையோ பத்திப் பெட்டிக்குள்ள கத்துறதைக் கேக்குறான். அடுத்த அறையில பாடுறவளைக் கேக்கமாட்டேங்கிறான். இப்பவே கேக்கவையும். இல்லாட்டி தலை நரைச்ச பிறகு, வாழைமரத்தடியில, திருடன் மாதிரி நின்னு கேக்க வேண்டிவரும். அந்த வெக்கக்கேடு அவனுக்கு வேண்டாம். இவ நல்ல பொண்ணு. ஆனா இப்ப பேசாம இருக்கிறதை வச்சு ஒண்ணுமில்லைன்னு அவன் நெனைச்சுடக்கூடாது. எல்லாத்தையும் சேத்து வச்சிருப்பா. ஆமென்."

இரண்டு பேரும் ஆமென் என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே இருந்தும் ஓர் ஆமென் வந்தது, தழுதழுத்து. சுப்பராயலு ஐயா வேதத்துக்கு வந்துவிட்டாரா என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள்.

வாசலில் செருப்பைப் போடும்போது ரத்தினபாய் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, தொண்டைக்குழியில் விரலை வைத்தாள். இந்த இடத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் போகவேண்டும் என்றாள். அந்தப் பெண், சரிம்மா, என்று சிரித்தாள். பெரியவர்கள் எது சொன்னாலும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. அவள் போகமாட்டாள் என்று ரத்தினபாய்க்குத் தெரியும். கட்டி எலுமிச்சை அளவு வருகிறவரை அவள் போகவில்லையே. அவளையும் இரண்டு அறை அறையலாமா என்றிருந்தது.

சந்து முனையில் அசரியா நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் அவரைக் கடந்து நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார்.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை, அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரைப் பார்க்கக் குறுக்கு வழியென்று தண்டவாளப் பக்கம் இறங்கினாராம். இந்தக் காலத்துக்கு வந்து நின்றாராம். பாட்டு கேட்டதாம். அடுத்த வாரமும் இறங்கிப் பார்த்தாராம். முதுகுக்குப் பின்னால் இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வர, அவள் திரும்பாமலே கேட்டாள்.

"என் பழைய குரலைக் கேக்கத்தானே வந்தீங்க. சொல்லுங்களேன்."

"மொதல் வாரம் அதுக்குத்தான்," என்றார். "அப்புறம் அதுக்கில்ல. அந்தக் கழுதையைக் கூப்பிட்டு, ரேடியோவை அணைடான்னு சொல்லணும்னு வருவேன். வாராவாரம் கதவுவரைக்கும் போவேன். தட்டமுடியல."

"ஏன்?"

"நான் சொன்னா அவன் கேக்கமாட்டான் ரத்தினம். எனக்கு அவனைத் தெரியும்."

அவள் நின்று திரும்பினாள். "அந்த ஜன்னலுக்கு வெளியே மழைக்காலம் பூரா நின்னு அழுதீங்களே. என் பக்கத்துல உக்காந்து ஒரு தடவையாவது, தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னீங்களா? அவகிட்ட சொல்லத் தெரியல, சரி. நான் இங்கதானே இருக்கேன்?"

 அந்த நேரம் பார்த்து, பின்னால் அந்த வீட்டில் ரேடியோ மறுபடி ஆரம்பித்தது. ஸ்கோர் சொன்னான்.

ரத்தினபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த வழியே புறப்பட்டாள். அந்த ரேடியோவைக் கிணற்றில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அசரியா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"விடு. அவன் அப்படித்தான். அன்னிக்கு வந்த பைபிள்வுமனை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இப்படி ஒரு கோபக்காரியான்னு சொல்லிட்டு ரேடியோவைப் போட்டேன்."

"போட்டீங்களா?"

"போட்டேன்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே அவள் ரேடியோவைப் போகட்டும் என்று விட்டாள். பிறகு சொன்னாள்:

"அவனைத் திருத்த முடியாது. உங்களைத் திருத்தலாமான்னு பாக்கிறேன். நடங்க."

இறங்கின மாதிரியே ஏறவேண்டும் என்றார். அடுத்த வண்டி வந்து நின்றதும் தண்டவாளப் பக்கமாகவே ஏறி, மேலிருந்து கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார். வண்டி நகர்ந்ததும் மாடி வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் தொடங்கினாள். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் அம்மா எதிரில், பாடினது போதும் என்று சொன்னாரே, அதிலிருந்து தொடங்கினாள். தாம்பரம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் அப்போதுதான் மகள் பிறந்த வருஷத்துக்கு வந்திருந்தாள். அசரியா எழுந்திருக்கவில்லை. பீச்சுக்குப் போகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஆபரேஷன் நாளுக்கு வந்திருந்தாள். பேச்சு வருதே, போதும் என்றீர்களே, யாருக்குப் போதும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது வண்டி அவர்களோடு கிளம்பிவிட்டது.

சக்கரச் சத்தம் கூடக்கூட அவள் குரல் அதற்கு மேல் எழும்ப மாட்டேன் என்றது. நூலாகிவிட்டது. உதடுதான் அசைந்தது. அவள் விடுவதாக இல்லை.

எதிரே இருந்த அசரியா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். பெட்டியில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, தலையைச் சாய்த்துக் காதை அவள் வாயருகே கொண்டுவந்தார்.

"கடைசியா திட்டினது கேக்கலை," என்றார். "அதைத் திரும்பச் சொல்லு."

அவள் திரும்பச் சொன்னாள்.